பட்ட விரட்டி: காத்தாடியும் குற்றவுணர்வும்

பட்ட விரட்டி, ஆப்கானிஸ்தானில் பிறந்த அமெரிக்க எழுத்தாளர் காலித் ஹுசைனி ஆங்கிலத்தில் எழுதிய முதல் நாவலின் தமிழாக்கம். மூலநூல் 2003ஆம் ஆண்டு வெளிவந்தது. எம். யூசுப் ராஜா தமிழில் பெயர்க்க, எதிர் வெளியீடு பதிப்பித்தது.

ஹுசைனி 1965இல் காபூலில் பிறந்தவர். தந்தை தூதரக அதிகாரி. 1976இல் குடும்பம் பாரிஸ் சென்றது. 1979 இறுதியில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததால் நாடு திரும்ப இயலாமல் 1980இல் அமெரிக்காவில் தஞ்சம் புகுந்தது. மருத்துவரான ஹுசைனி, தாலிபான்கள் பட்டம் விடத் தடை விதித்த செய்தியை 1999இல் கேட்டு ஒரு சிறுகதை எழுதினார். அதுவே பின்னர் நாவலாக வளர்ந்தது.

காத்திவாக்கம், திருவொற்றியூர், ராயபுரம் பகுதிகளில் வளர்ந்த வாசகருக்கு இந்நாவலின் காபூல் அத்தனை அந்நியமாகத் தெரியாது. கண்ணாடித் தூள் ஏற்றிய மாஞ்சா நூல், ஒருவர் நூலை மற்றவர் அறுக்கும் 'டீல்', அறுந்த காத்தாடியின் பின்னால் தெருத்தெருவாக ஓடும் பையன்கள் எல்லாம் வடசென்னையிலும் உண்டு. (இங்கே பட்டம் என்பதைவிடக் காத்தாடி என்றால்தான் சட்டென்று புரியும்.) செயற்கை இழை மாஞ்சாவுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 ஜூலையில் நாடு முழுவதும் தடை விதித்தது. அதன் பிறகும், 2019 நவம்பரில் கொருக்குப்பேட்டையில் தந்தையோடு இருசக்கர வாகனத்தில் சென்ற மூன்று வயதுக் குழந்தை மாஞ்சா நூல் கழுத்தை அறுத்து இறந்தது. காத்தாடி விடுகிறவர், தம் நூல் யாரை அறுத்தது என்று அறியாமலே வீடு திரும்பிவிடலாம். நாவலின் அமீருக்கு அந்த வசதி இல்லை. அவன் கண்ணால் பார்த்தவன்.

1975ஆம் ஆண்டு குளிர்காலம். பட்டப்போட்டியில் வென்ற அமீருக்காக, அறுந்த நீலப்பட்டத்தைத் துரத்திப் பிடிக்கிறான் வேலைக்காரரின் மகன் ஹசன். அதை விட்டுக்கொடுக்க மறுத்ததால் ஒரு சந்தில் மூன்று பையன்களிடம் சிக்கிப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிறான். மறைந்து நின்று பார்க்கும் அமீர் ஓடிவிடுகிறான். பிறகு ஹசனின் முகத்தைப் பார்க்கக் கூசி, அவன்மேல் திருட்டுப்பழி சுமத்தி வீட்டைவிட்டு வெளியேறும்படி செய்கிறான். முதல் குற்றம் பயத்தில் நடந்தது, இரண்டாவது திட்டமிட்டது. மாணவர்கள் பலர் முதலாவதை மட்டுமே எழுதுகிறார்கள்.

அமீர் பஷ்தூன் இனத்தவன், ஹசன் ஹசாரா. ஹசாராக்களில் பெரும்பாலோர் ஷியா முஸ்லிம்கள். 1890களில் மன்னர் அப்துர் ரஹ்மான் அவர்களது எழுச்சியை ஒடுக்கி, நிலங்களைப் பறித்து, பலரை அடிமைகளாக விற்கச் செய்தார். 1998 ஆகஸ்டில் மஸார்-இ-ஷரீஃபில் தாலிபான்கள் ஹசாராக்களைப் பெருமளவில் கொன்றனர். 'அவன் ஹசாராதானே' என்று மனத்துக்குள் சமாதானம் சொல்லிக்கொள்ள அமீருக்கு அந்த வரலாறு இடம் கொடுத்தது. சாதி அறிந்த தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஹசன் தன் தந்தையின் மகன் என்று அமீர் அறியும்போது, ஹசனைத் தாலிபான்கள் சுட்டுக் கொன்றிருக்கிறார்கள். அவனுடைய மகன் சொஹ்ராபை மீட்பதே அமீரின் பரிகாரம். அவனுடைய தந்தை அநாதை இல்லம் கட்டியதும் இவ்வகைப் பரிகாரமே. நாவலின் பலவீனமும் இங்கேதான். அமீருக்கு மனப்போராட்டம் கிடைக்கிறது. ஹசனுக்கு விசுவாசம் மட்டுமே கிடைக்கிறது. பண்ணையார் மகனுக்கும் ஆடு மேய்க்கும் தலித் சிறுவனுக்கும் இடையிலான நட்பைச் சொல்லும் பெருமாள்முருகனின் கூளமாதாரி (2000), மேய்ப்பவன் பக்கம் நின்று எழுதப்பட்டது. இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால் ஹசன் எவ்வளவு குறைவாகப் பேசுகிறான் என்பது தெரியும்.

மார்க் ஃபார்ஸ்டர் இயக்கத்தில் 2007இல் இக்கதை திரைப்படமானது. சந்துக் காட்சியால் இனப்பகை மூண்டு, நடித்த காபூல் சிறுவர்களுக்கு ஆபத்து நேரலாம் என்ற அச்சம் எழுந்தது. வெளியீட்டைச் சில வாரங்கள் தள்ளிவைத்து, முதலில் அந்தச் சிறுவர்களை ஐக்கிய அரபு அமீரகத்துக்கு அனுப்பிவைத்தார்கள்.