வசந்தவல்லி எங்கே போனாள்?

தென்காசியிலிருந்து குற்றாலத்திற்குப் போகிறவர்கள் வழியில் அதிகம் கவனியாமல் கடந்துவிடுகிற மேலகரம் என்னும் ஊரில்தான், பதினெட்டாம் நூற்றாண்டில், குற்றாலநாதர் கோயில் வித்துவானாக விளங்கிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்தார். அவர் பாடிய திருக்குற்றாலக் குறவஞ்சியைப் பாராட்டி, மதுரையை 1706 முதல் 1732 வரை ஆண்ட முத்துவிஜயரங்க சொக்கநாத நாயக்கர் அளித்த நிலம் ‘குறவஞ்சி மேடு’ என்றே பெயர் பெற்றது. ஒரு நாடகம் நிலத்துக்குப் பெயராகிவிடுவது சாமானியமான கௌரவமன்று.

அத்தகைய நூலின் ஆரம்பம் எவ்வளவு கம்பீரமானது! கட்டியக்காரன் வந்து அறிவிக்க, குற்றாலநாதராகிய திரிகூடநாதர் பவனி எழுந்தருளுகிறார். பந்தாடிக்கொண்டிருந்த வசந்தவல்லி அவரைக் கண்டு மோகித்து மயங்கி விழுகிறாள். தோழியர் செய்யும் உபசாரங்கள் அவள் விரகதாபத்தை வளர்க்கவே, நிலவையும் மன்மதனையும் பழித்து, பாங்கியைத் தூது அனுப்பி, காதல் கைகூடுமா என்று கூடல் இழைத்துப் பார்த்துக் கலங்கி நிற்கிற அந்தச் சமயத்தில் குறத்தி நுழைகிறாள். தன் மலையின் வளத்தை அவள் பாடும்போது நாடகம் சிகரத்தை எட்டிவிடுகிறது. பிறகு கையைப் பார்த்துக் குறி சொல்லுகிறாள். நாயகனின் பெயரைப் பூடகமாக உணர்த்துகிறாள். பரிசு பெற்றுப் போகிறாள்.

அத்துடன் வசந்தவல்லியும் போய்விடுகிறாள். குறி பலித்ததா, நாதர் வந்தாரா என்பதையெல்லாம் காட்டும் காட்சி ஒன்றும் இல்லை. மிஞ்சிய நாடகம் முழுவதும், தன் மனைவியான அந்தக் குறத்தி சிங்கியைக் காணாமல் தவித்து, கண்ணி குத்த வந்த இடத்தில் பறவைகளைத் தப்பவிட்டுவிடும் குறவன் சிங்கனுடையது. முடிவில் அவன் அவளைக் கண்டுபிடித்து, அவள் மேனியில் மின்னும் புது நகைகளைப் பாம்பென்று மிரண்டு விசாரிக்கும்போதுகூட, காலில் கிடக்கும் சிலம்பு சேலத்து நாட்டில் குறி சொல்லிப் பெற்றது என்று சிங்கி தேசம் தேசமாகக் கணக்குச் சொல்லுகிறாளே தவிர, குற்றாலத்துப் பெண்ணொருத்தியின் நெஞ்சைப் பற்றிப் பேச்சே எழவில்லை. இந்நாளில் கொரிய தேசத்துத் தொலைக்காட்சித் தொடர்களைத் தமிழ்க்குரலில் பார்க்கிறவர்கள், முதல் சில பாகங்களில் மூட்டிய ஆவலைப் பின்பாகங்கள் மறந்துவிட்டன என்று குறைப்படுவதைக் கேட்கும்போதெல்லாம், இந்தக் குறை நமக்குப் புதிதன்று என்று எனக்குத் தோன்றும்.

கவிராயருக்குக் கதை சொல்லத் தெரியாது என்று யார் சொல்லத் துணிவார்கள்? காரணம் பிரபந்தத்தின் பிறப்பில் இருக்கிறது. பவனி கண்டு பெண்கள் மோகிப்பது ‘உலா’ என்னும் பிரபந்தத்தின் சம்பிரதாயம். குறத்தி குறி சொல்லுவது, குமரகுருபரர் மீனாட்சியம்மைமேல் பாடியதைப் போன்ற ‘குறம்’ என்னும் சிறு பிரபந்தத்தின் பொருள். இவற்றோடு குறவனின் வேட்டையையும் ஊடலையும் ஒட்டவைத்தபோது குறவஞ்சி நாடகம் உருவாயிற்று. ஒட்டின இடம் தெரியத்தான் செய்கிறது. மேலும், நாயகரோ குழல்வாய்மொழியம்மையுடன் கோயில் கொண்டிருக்கிறவர்; அவருக்கு மேடையில் இன்னொரு திருமணம் நடத்திக் காட்டுவது எளிதா? பாட்டுடைத் தலைவர் அரசரானாலும் சட்டகம் இதுவேதான்: இரண்டாம் சரபோஜி மன்னர்மேல் கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் இயற்றி, தஞ்சைப் பெரிய கோயில் விழாவில் தேவதாசிகள் ஆடிவந்த சரபேந்திர பூபாலக் குறவஞ்சியும் இந்த வழியிலேயே போகிறது. திருவிழா இரவில் கூடியிருந்த ஜனங்கள், நாயகியின் பெருமூச்சுக்குப் பின் சிங்கனின் அசட்டுத்தனத்தை எதிர்பார்த்தே விழித்திருந்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

அந்தத் திருவிழா இரவுகளும் நிலைக்கவில்லை. 1944ஆம் ஆண்டில் ருக்மிணி தேவி தாம் நிறுவிய கலாக்ஷேத்திரம் என்னும் நாட்டியப் பள்ளியின் முதல் நாட்டிய நாடகமாகக் குற்றாலக் குறவஞ்சியையே தேர்ந்தெடுத்தார்; மூன்று ஆண்டுகள் கழித்து, 1947இல், கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடுவதைச் சென்னை மாகாணச் சட்டம் தடுத்தது. இவ்வாறு, கோயில் விழாவில் ஆடப்பட்டுவந்த நாடகவகை சபா மேடைக்கு மாறியது.

சிங்கன் பகுதியை நான் வெறுப்பவனல்லன். கோயில் வயல்களைப் பெயர் பெயராகச் சொல்லி, பறவைகளை அவற்றில் மேயவிடும் அந்தப் பாட்டில், அக்காலத்து நிலக்கணக்கே இசையோடு பதிவாகியிருக்கிறது. ஆனாலும் குருவிக்கும் நாரைக்கும் அத்தனை கண்ணிகள் வைத்த கவிராயர், காத்திருக்கிற அந்தப் பெண்ணுக்கென்று கடைசியில் இரண்டு கண்ணியாவது பாடியிருக்கலாம்.