மக்களைக் காக்கும் பணியில் மறைந்தோர்: விமானப்படை ஹெலிகாப்டர் பிரிவின் வரலாறு

ஆநிரை மீட்டுப் பட்டவனுக்கும், ஊருக்குள் புகுந்த புலியைக் குத்திப் பட்டவனுக்கும் நடுகல் நாட்டிய மண் நம்முடையது. மன்னர் போரில் மடிந்தவருக்கு மட்டுமே கல் என்று நம் முன்னோர் வரம்பு கட்டவில்லை. அந்த மரபில் வந்த கொண்டப்பநாயக்கன்பட்டி மக்கள், போரில்லாக் காலத்தில் ஹெலிகாப்டர் விபத்துகளில் உயிர்நீத்த விமானப்படையினரை இம்மலரில் நினைவுகூர்வது முறையாகும்.

1932 அக்டோபர் 8 அன்று தோன்றிய இந்திய விமானப்படைக்கு முதல் ஹெலிகாப்டர் 1954இல் வந்தது. அமெரிக்கத் தயாரிப்பான சிகோர்ஸ்கி எஸ்-55 அது. 104ஆம் ஹெலிகாப்டர் பிரிவு முதல் பிரிவாக அமைந்தது. ஓடுபாதை இல்லாத மலைச்சரிவிலும் காட்டிலும் இறங்கி, காயம்பட்டோரை ஏற்றிவரும் பணி அன்று தொடங்கியது.

அறுபதுகளில் பேரிழப்பு நேர்ந்தது. 1963 நவம்பர் 22 அன்று பூஞ்ச் அருகே தந்திக் கம்பிகளில் மோதி அலுவெட் ஹெலிகாப்டர் விழுந்தது. கோவா விடுதலை நடவடிக்கையில் விமானப்படையை வழிநடத்திய ஏர் வைஸ் மார்ஷல் எர்லிக் பின்டோ, லெப்டினன்ட் ஜெனரல்கள் தௌலத் சிங், பிக்ரம் சிங் உள்ளிட்ட 6 பேர் மறைந்தனர்.

அந்தத் துயரைத் தாண்டிப் பிரிவு வளர்ந்தது. 1971 போரில் மேக்னா ஆற்றைக் கடக்கப் படையினரைச் சுமந்தன எம்ஐ-4 ஹெலிகாப்டர்கள். 1984 முதல் சியாச்சினில், மூச்சுக்கே காற்றுப் போதாத உயரத்தில், சீட்டா ஹெலிகாப்டர்கள் இறங்கி உணவும் மருந்தும் கொடுத்து வருகின்றன. 1993 மே மாதம் பூட்டானில் எம்ஐ-8 விழுந்ததில் கிழக்குப் பிராந்தியத் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் ஜமீல் மஹ்மூத் உயிரிழந்தார்.

2013 ஜூனில் உத்தராகண்ட் வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்க இரவு பகல் பாராமல் உழைத்தனர் நம் வீரர்கள். கேதார்நாத்தில் இறந்தோரின் சிதைக்கு விறகு கொண்டுபோய் இறக்கிவிட்டுத் திரும்பிய எம்ஐ-17 வி5, ஜூன் 25 அன்று கௌரிகுண்ட் அருகே விழுந்தது. விங் கமாண்டர் டேரில் காஸ்டலினோ, மதுரையைச் சேர்ந்த பிளைட் லெப்டினன்ட் கே. பிரவீன் உட்பட 20 பேர் மாண்டனர். ஆயினும் மீட்புப் பணி நிற்கவில்லை. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தின்போது மொட்டை மாடியிலிருந்து நிறைமாதக் கர்ப்பிணியைத் தூக்கிக் காத்ததும் இதே படைதான்.

2021 டிசம்பர் 8 தமிழகம் மறக்க முடியாத நாள். முற்பகல் 11.48க்குச் சூலூரிலிருந்து வெலிங்டன் புறப்பட்ட எம்ஐ-17 வி5 உடனான தொடர்பு 12.08 அளவில் அறுந்தது. அது விழுந்து நொறுங்கியதில் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவர் துணைவியார் மதுலிகா உட்பட 13 பேர் அன்றே மறைந்தனர். விங் கமாண்டர் பிருத்வி சிங் சௌஹான், ஸ்குவாட்ரன் லீடர் குல்தீப் சிங், ஜூனியர் வாரன்ட் ஆபீசர்கள் ராணா பிரதாப் தாஸ், ஏ. பிரதீப் ஆகியோர் விமானப்படையினர். சௌர்ய சக்ரா பெற்ற குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் போராடி டிசம்பர் 15 அன்று மறைந்தார். வானிலை திடீரென மாறி ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்ததே காரணம் என விசாரணை கூறியது. கண் எதிரே நிற்கும் சேர்வராயன் மலையை மேகம் எத்தனை விரைவில் மறைத்துவிடும் என்பதை ஏற்காடு அடிவாரத்து மக்களாகிய நாம் அறிவோம்.

அன்று காட்டேரி அருகே நஞ்சப்பசத்திரம் குடியிருப்பு மக்கள் குடங்களில் தண்ணீர் சுமந்து ஓடினர். வீட்டுப் போர்வைகளையே தூளியாக்கி, தீக்காயம்பட்டோரைத் தூக்கி வந்தனர். மறுநாள் மேட்டுப்பாளையம் வழியே உடல்கள் சூலூருக்குச் சென்றபோது, சாலையின் இருமருங்கிலும் நின்ற மக்கள் மலர் தூவினர். நஞ்சப்பசத்திரத்தை ராணுவம் ஓராண்டுக்குத் தத்தெடுத்து நன்றி செலுத்தியது.

எல்லையில் குண்டு பட்டு விழுந்தவரும், மக்கள் பணியில் மலைமேல் விழுந்தவரும் தியாகத்தில் சமமானவர்களே. ஆண்டுதோறும் டிசம்பர் 8 அன்று நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இப்பெயர்களை வாசித்துக் காட்டுவோம். விமானப்படையில் சேர விரும்பும் இளைஞர்களுக்குத் துணை நிற்போம்.