"பக்கத்தைக் காட்டு"



யாருடைய நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ, அந்தத் தோழருக்குத் தன்னைப் பற்றிப் பேசினால் பிடிக்காது. கூட்டத்தில் யாராவது உணர்ச்சியோடு வரலாறு பேசினால் முடியும்வரை கேட்டுவிட்டு, "நல்லா பேசினே தம்பி. எங்கே எழுதியிருக்கு? பக்கத்தைக் காட்டு" என்பார். பாதிப் பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். மீதிப் பேர் நூலகத்துக்குப் போனார்கள். அவருடைய அந்தக் கேள்வியையே இன்றைய உரைக்குப் பொருளாக எடுத்துக்கொள்கிறேன்.

சென்ற ஆண்டு கல்லூரி மாணவி ஒருவர் வரலாற்றுச் செயல்திட்டத்துக்காகக் கட்டபொம்மனைப் பற்றி எழுதிக் கொண்டுவந்தார். கயத்தாறுக்காரப் பெண். நெடுஞ்சாலையோரத்தில் நிற்கும் சிலையைப் பார்த்து வளர்ந்தவர். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. 'மூலச் சான்றுகள்' என்ற தலைப்பின் கீழே 1959-இல் வந்த திரைப்படத்தின் பெயரும் ஓர் இணையதள முகவரியும் இருந்தன. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூலச் சான்று என்றால் என்ன என்று அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. செயல்திட்டத்துக்கு மதிப்பெண் போடுகிறவர்களும் அட்டையின் பளபளப்பைத்தானே பார்க்கிறார்கள்?

சம்பவம் நடந்த காலத்தில், அதில் இருந்தவரோ பார்த்தவரோ விட்டுச் சென்றதுதான் மூலச் சான்று. கடிதம், அரசாணை, சாட்சியம், பத்திரிகைச் செய்தி, துண்டறிக்கை எல்லாம் அதில் சேரும். இவற்றில் பெரும்பகுதி ஆவணக் காப்பகத்தில் கையெழுத்துப் பிரதியாகக் கிடக்கிறது. எழும்பூர் போய் அனுமதி வாங்கிப் படிக்க எல்லா மாணவருக்கும் வசதி இராது. ஆனால் கணிசமான ஒரு பகுதி அச்சேறியிருக்கிறது. அதைத் தேடத் தெரிந்தால் போதும்.

கயத்தாறையே எடுத்துக்கொள்வோம். கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட மேஜர் பானர்மேன், மறுநாள் 1799 அக்டோபர் 17 அன்று இதே கயத்தாறிலிருந்து மேலிடத்துக்குக் கடிதம் எழுதினான். அதன் பகுதிகளை பிஷப் கால்டுவெல் தம் திருநெல்வேலி வரலாற்று நூலில் அச்சிட்டிருக்கிறார். 1881-இல் சென்னை அரசாங்க அச்சகம் வெளியிட்ட நூல் அது. 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தூக்கு 16-ஆம் தேதியா 17-ஆம் தேதியா என்று சுவரொட்டிகள் சண்டை போடுகின்றன. 17-ஆம் தேதிக் கடிதம் விசாரணையை நேற்று நடந்ததாகச் சொல்கிறது. விவாதம் அதோடு முடிந்தது.

அந்தக் கடிதத்தில் திரைப்பட வசனம் எதுவும் இல்லை. அதைவிடக் கனமான ஒன்று இருக்கிறது. விசாரணை நேரம் முழுவதும் கட்டபொம்மன் அஞ்சவில்லை, எட்டயபுரத்தாரை வெறுப்போடு பார்த்தார், மரத்தடிக்கு உறுதியாக நடந்தார், வாய் பேசாத தம்பியைப் பற்றி மட்டும் கவலைப்பட்டார் என்று எழுதுகிறவன் அவரைக் கொன்றவன். புகழ வேண்டிய தேவை இல்லாத எதிரி ஒப்புக்கொள்வதற்கு வரலாற்றில் தனி எடை உண்டு. அந்த மாணவிக்கு இதைப் படித்துக் காட்டியபோது, "படத்தைவிட இது நல்லா இருக்கே சார்" என்றார்.

இனி நமக்கு வலிக்கிற இடத்துக்கு வருகிறேன். இரண்டாம் பாஞ்சாலங்குறிச்சிப் போரில் கம்பெனிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ், 1830-இல் லண்டனில் தன் ராணுவ நினைவுகளை இரண்டு தொகுதிகளாக வெளியிட்டான். 1801 மே மாதம் கோட்டை விழுந்த பிறகு நடந்ததாக அவன் சொல்லும் ஒரு சம்பவம் இது. பிணங்களுக்கு நடுவே ஒரு தாய் தன் மகனைத் தேடி வருகிறாள். உயிர் ஊசலாடும் மகன், என்னை விட்டுவிடு, பக்கத்தில் கிடக்கும் சாமியைக் காப்பாற்று என்கிறான். சாமி என்று அவன் சொன்னது ஊமைத்துரையை. அந்தத் தாயும் உடன் வந்த பெண்களும் ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டில் கிடத்துகிறார்கள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்ததும் துணியால் மூடி ஒப்பாரி வைக்கிறார்கள். அம்மை போட்டுச் செத்த பையன் என்றதும் வந்தவர்கள் ஓடிவிடுகிறார்கள்.

அந்தத் தாயின் பெயர் அச்சில் இல்லை. செத்துப்போன மகனின் பெயரும் இல்லை. அவர்கள் எந்தத் தெருக்காரர்கள் என்பதும் இல்லை. பாளையக்காரர்களைப் பெயர் சொல்லி எழுதிய அந்தப் பக்கங்கள், அவர்களுக்காகச் செத்தவர்களைப் பெரும்பாலும் எண்ணிக்கையாகவே எழுதின. அச்சில் இருப்பது முழு வரலாறு என்று நான் சொல்லவில்லை. அச்சில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று காட்டவும் அதைப் படித்திருக்க வேண்டும் என்கிறேன்.

கவர்னகிரி வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை நம் ஊர்கள் வாய்மொழியாகக் காத்தன. 1997-இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு அந்தப் பெயரை வைத்ததும் தென் மாவட்டங்கள் கலவரத்தில் எரிந்தன. அரசு கடைசியில் எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எடுத்துவிட்டது. பஸ்ஸில் எழுதுவதற்கே உயிர் போகிற ஒரு பெயர், முதன்முதலில் எந்த ஆண்டு, எந்த நூலில் அச்சேறியது? கதைப்பாடல் பதிப்புகள், மாவட்டக் கெசட்டியர், சங்க மலர்கள், மேடைப் பேச்சுத் தொகுப்புகள் என்று ஆண்டு வரிசையில் பின்னோக்கிப் போய் ஒரு மாணவர் இதைக் கண்டுபிடித்தால் அதுதான் செயல்திட்டம். இருபது பக்கம் போதும்.

"நமக்கு ஏது சார் அச்சு? எழுதவே விடலையே" என்று மாணவர்கள் கேட்கிறார்கள். நம்மை ஒடுக்கியவர்கள் சொன்னதைவிட இந்த எண்ணம் நமக்கு அதிகக் கேடு செய்திருக்கிறது. ரெட்டமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' பத்திரிகையைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19-இல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு அது 'தமிழன்' ஆயிற்று. 1914-இல் அவர் மறையும்வரை வாரம் தவறாமல் எழுதினார். ஆனாலும் 1990-களில் நான் படித்த பாடத்திட்டத்தில் அவர் பெயர் கிடையாது. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய இதழ்களைக் கரையானுக்குக் கொடுக்காமல் காத்தார்கள். ஞான. அலாய்சியஸ் அவற்றைத் தொகுத்தார். 1999-இல் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' இரண்டு தொகுதிகளாக வந்தது. வெளியிட்டது எந்த ஊர் தெரியுமா? பாளையங்கோட்டை. தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம். கயத்தாறிலிருந்து ஒரு பஸ் தூரம்தான்.

அதை வைத்து என்ன செய்யலாம் என்பதற்கு ஓர் உதாரணம். 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மார்ச்சில் வ.உ.சி. கைதானதும் திருநெல்வேலி கொந்தளித்தது. இதை எழுதும் மாணவர் மூன்று வகை அச்சை அருகருகே வைக்க வேண்டும். ஒன்று 'சுதேசமித்திரன்' போன்ற தேசியப் பத்திரிகை. இரண்டாவது, அரசாங்க மொழிபெயர்ப்பாளர் வாராவாரம் தமிழ்ப் பத்திரிகைகளைச் சுருக்கி ஆங்கிலத்தில் அச்சிட்ட சுதேசிப் பத்திரிகை அறிக்கை. இதைப் படிக்கும்போது கவனம் வேண்டும், சுருக்கியவன் அரசாங்கச் சம்பளக்காரன். மூன்றாவது 'தமிழன்'. சாதியை வைத்துக்கொண்டு சுதேசியம் பேசுவது எப்படி என்று பண்டிதர் அந்த ஆண்டுகளில் விடாமல் கேட்டார். வ.உ.சி.யின் தியாகமும் உண்மை, பண்டிதரின் கேள்வியும் உண்மை. இரண்டையும் ஒரே செயல்திட்டத்தில் வைக்கும் துணிச்சல் மாணவருக்கு வர வேண்டும்.

அச்சில் வந்ததாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. நமக்குப் பயன்படும் இதே கால்டுவெல் 1849-இல் சாணார்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அந்தச் சமூகம் கொதித்தது. கொதித்ததோடு நிற்காமல் அவர்களும் நூல்கள் அச்சிட்டுப் பதில் சொன்னார்கள். தர்ஸ்டனின் ஏழு தொகுதிகளிலோ 1917-இல் வந்த பேட்டின் கெசட்டியரிலோ நம் சாதிப் பெயரைத் தேடிப் படித்துவிட்டு மனமொடிந்து வருகிற மாணவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். யார் எழுதியது, யாரிடம் கேட்டு எழுதியது, யார் காசில் அச்சானது? இந்த மூன்றையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் நம்மைப் பற்றிச் சொல்வதைவிட எழுதியவரைப் பற்றி அதிகம் சொல்லும்.

வாய்மொழியை விட்டுவிட வேண்டாம். 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் ரெட்டமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தின்படி, பொதுச் சாலையிலும் கிணற்றிலும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்றாயிற்று. சட்டமன்ற நடவடிக்கைகள் அச்சில் இருக்கின்றன. அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு உங்கள் ஊரிலேயே வயதான ஆச்சியிடம் போய், "ஆச்சி, நீங்க எந்த வருஷம் அந்தக் கெணத்துல தண்ணி எடுத்தீங்க?" என்று கேளுங்கள். ஆணையின் தேதிக்கும் ஆச்சி சொல்லும் வருஷத்துக்கும் நடுவில் எத்தனை ஆண்டு என்று கழித்துப் பாருங்கள். இதை எந்தக் கெசட்டியரும் எழுதவில்லை.

கடைசியாக, நம் காலத்து அச்சு. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்துக்குள் போலீஸ் புகுந்தபோது இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்களில் பலர் பிறக்கவே இல்லை. கோமதிநாயகம் ஆணையம் விசாரித்தது. மனித உரிமைக் கண்காணிப்பகம் 1999-இல் வெளியிட்ட இந்தியத் தலித்துகள் பற்றிய அறிக்கையில் அந்த ஊரின் சாட்சியங்கள் இருக்கின்றன. அன்று ஒட்டிய சுவரொட்டி, கொடுத்த துண்டறிக்கை, உண்மையறியும் குழுக்கள் தைத்து விற்ற ஐந்து ரூபாய்ப் புத்தகம் எல்லாம் எங்கே? அவற்றை எந்த நூலகமும் வாங்கவில்லை. நம் வீட்டுப் பரண்களில்தான் இருந்தன. பலவற்றை நாமே பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டோம். நானும் போட்டிருக்கிறேன். 2004-இல் வீடு மாறியபோது ஒரு சாக்கு நிறைய.

நம் தோழர் போடவில்லை. அவருடைய தகரப் பெட்டியை அவர் மகள் இந்த மன்றத்துக்குக் கொடுத்திருக்கிறார். உள்ளே நோட்டீஸ்கள், மாநாட்டு அழைப்பிதழ்கள், மூன்று ஊர்களின் மனுப் பிரதிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் பின்புறத்திலும் பென்சிலால் தேதியும் ஊரும் எழுதியிருக்கிறார். பெட்டி வெளியே தாழ்வாரத்து மேசையில் இருக்கிறது. செல்போனில் படம் எடுக்கிறவர்கள் முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். ஓரங்கள் உதிர்கின்றன, கை ஈரமில்லாமல் தொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு பட்டியல் போட உட்காருகிறோம், எழுதத் தெரிந்த கை நான்கு வேண்டும்.