செங்கோகு காலக் குலப்போர்களும் உட்பகையும்

ஜப்பான் வரலாற்றில் 1467 முதல் ஏறத்தாழ 1600 வரை நீடித்த உள்நாட்டுப் போர்க்காலம் செங்கோகு எனப்படுகிறது. கியோத்தோவிலிருந்த அஷிகாகா ஷோகன்கள் எனும் படையாட்சித் தலைவர்களின் அதிகாரம் பெயரளவுக்குச் சுருங்க, டைம்யோ எனப்பட்ட நிலத்தலைவர்கள் தத்தம் நாட்டுக்குத் தாமே அரசராயினர். இக்காலத்தைப் பெருவீரர்களின் நேருக்கு நேர் மோதலாகச் சொல்வதே வழக்கம்: தக்கேதா ஷிங்கெனும் உவேசுகி கென்ஷினும், ஓதா நொபுநாகாவும் இமகாவா யோஷிமோத்தோவும் என்று. அந்தப் போர்கள் நடந்தவைதாம். ஆனால் எந்தக் குலம் நிலைத்தது, எது அழிந்தது என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தது எல்லைக்கு அப்பாலிருந்த எதிரி அல்ல, வீட்டுக்குள் இருந்த பகை. தாயாதிச் சண்டையை அடக்கி, தன்கீழ் ஊழியம் செய்த வீரக்குடிகளைக் கைக்குள் கொண்டுவந்தவர்களே நின்றார்கள்.

தொடக்கமே இதற்குச் சான்று. ஷோகன் யோஷிமாசாவுக்குப் பின் பதவி தம்பிக்கா மகனுக்கா என்ற கேள்வியும், ஹத்தகேயாமா, ஷிபா ஆகிய பெருங்குலங்களின் வாரிசுப் பூசல்களும் சேர்ந்தே 1467இல் ஓனின் போரை மூட்டின. இரு அணிகளுக்கும் தலைமை தாங்கிய யமானா சோசெனும் ஹொசோகாவா கட்சுமோத்தோவும் மாமனார், மருமகன் முறையினர். இருவரும் 1473இல் இறந்த பிறகும் போர் நான்கு ஆண்டுகள் இழுத்தது. தலைநகரின் பெரும்பகுதி சாம்பலானது. தலைவர்கள் கியோத்தோவில் மோதிக்கொண்டிருக்க, சொந்த நாட்டில் அவர்களுக்காக ஆண்டவர்கள் நிலத்தைத் தமதாக்கிக்கொண்டனர். எச்சிசென் நாட்டை ஷிபா குலத்திடமிருந்து பறித்த அசாகுரா குலம் அப்படி எழுந்ததே. அடுத்த நூற்றாண்டிலும் இதே கதைதான். ஷிங்கென் 1541இல் பெற்ற தந்தையையே நாட்டைவிட்டுத் துரத்தித் தலைவரானார். மேற்கு ஜப்பானின் செல்வக் குலமான ஓஉச்சியின் தலைவர் யோஷிதாகா, 1551இல் தம் படைத்தலைவர் சூஎயின் கிளர்ச்சியால் உயிரை மாய்த்துக்கொள்ள நேர்ந்தது. மினோ நாட்டின் சைத்தோ தோசான் 1556இல் மகனோடு நடந்த போரில் மாண்டார். நொபுநாகா 1560இல் ஒக்கேஹசாமாவில் இமகாவாவை வீழ்த்தியதை எல்லோரும் சொல்வார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளில் பெரும்பகுதியை அவர் ஓவாரி நாட்டில் பங்காளிகளோடு போரிட்டே கழித்ததையும், உடன்பிறந்த தம்பியைக் கொல்லச் செய்ததையும் அவ்வளவு அழுத்திச் சொல்வதில்லை.

ஷிங்கெனும் கென்ஷினும் 1553 முதல் 1564 வரை கவனகஜிமா சமவெளியில் ஐந்து முறை எதிர்ப்பட்டனர். நான்காவது மோதலில், 1561இல், ஷிங்கெனின் தம்பி நொபுஷிகே உட்படப் பலர் மடிந்தனர். இத்தனைக்கும் பிறகு எந்தக் குலமும் அழியவில்லை. பிள்ளையில்லாத கென்ஷின் 1578இல் இறந்ததும் அவருடைய வளர்ப்பு மகன்கள் ககேகட்சுவும் ககேத்தோராவும் தலைமைக்காகப் போரிட்டார்கள். பதினோராண்டுப் பகையால் ஆகாததை அந்தச் சண்டை ஓராண்டிலேயே செய்தது. உவேசுகி குலத்தின் வலிமை பெரிதும் குலைந்தது.

இந்த நோயை நன்கு அறிந்திருந்தவர், ஆகி நாட்டில் சிறு தலைவராகத் தொடங்கிய மோரி மோத்தோநாரி. 1550இல் தம்மை மதிக்காத இனோஉஎ குடியின் முதன்மையானவர்களைக் கொன்றார். உடனே தம் ஊழியர் 238 பேரிடம் கீழ்ப்படிதல் உறுதிமொழி எழுதி வாங்கினார். சூஎயை இட்சுகுஷிமா தீவில் தோற்கடித்தது அதன்பின், 1555இல். ஆனால் தமக்குச் சமமாக இருந்த அண்டைத் தலைவர்களை அப்படி மிரட்ட முடியவில்லை. 1557இல் அவரும் மற்றப் பதினொருவரும் செய்த ஒப்பந்தத்தில், பன்னிரண்டு பெயர்களும் குடையின் கம்பிகளைப் போல வட்டமாக எழுதப்பட்டுள்ளன. யார் முதல், யார் கடை என்று வரிசை காண முடியாது. தம் படையினர் கொள்ளையடிப்பதையும் பாசறையைவிட்டுத் தாமாகக் கிளம்புவதையும் தடுப்போம் என்பதே அதன் சாரம். வெற்றி பெற்ற ஒரு தலைவருக்கும் தம் அணியைக் கட்டிக்காப்பது எவ்வளவு கடினமாக இருந்தது என்பதை அந்த ஒரு தாளே காட்டிவிடுகிறது.

துப்பாக்கிதானே எல்லாவற்றையும் மாற்றியது என்று கேட்கலாம். 1543இல் தனெகாஷிமா தீவில் போர்த்துகீசியர் வழியாக வந்த அந்த ஆயுதம் வேகமாகப் பரவியது உண்மை. 1575இல் நகாஷினோவில் ஷிங்கெனின் மகன் கட்சுயோரியின் படை நொபுநாகாவின் துப்பாக்கிகளுக்கு முன் சிதைந்ததும் உண்மை. ஆயினும் தக்கேதா குலம் அதன்பின் ஏழு ஆண்டுகள் இருந்தது. 1582இல் உறவினர்களான கிசோவும் அனயாமாவும் எதிரியோடு சேர, புகலிடம் தருவதாகச் சொன்ன ஓயமாதா கைவிட, அது சில வாரங்களில் முடிந்துபோனது. வென்ற நொபுநாகாவையும் அதே ஆண்டில் ஹொன்னோ கோயிலில் அழித்தது வெளியிலிருந்து வந்த படை அல்ல. அவருடைய தளபதி அக்கேச்சி மிட்சுஹிதேதான்.

இதைவிட வலுவான மறுப்பு ஹோஜோ குலம். ஐந்து தலைமுறைகள் பெரிய வாரிசுப் போர் ஏதுமின்றிக் கந்தோ சமவெளியை ஆண்டும், 1590இல், நொபுநாகாவின் தளபதியாயிருந்து அவருக்குப் பின் தலையெடுத்த தோயோதோமி ஹிதெயோஷியிடம் ஒதவாரா கோட்டையை இழந்தது. ஒற்றுமை மட்டும் போதாது என்பதை இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் கோட்டையைச் சூழ்ந்த பெரும்படையில் நேற்றைய எதிரிகளான தொகுகாவா, உவேசுகி, மோரி, சோசொகாபே குலங்கள் இருந்தன. பணிந்தவரை நிலத்தோடு விட்டுவைத்து அவர்களைத் தம் ஊழியர்களாக்கியதே ஹிதெயோஷியின் பலம். முற்றுகையின் நடுவே ஹோஜோவின் மூத்த ஊழியர் மட்சுதா எதிரியோடு பேரம் பேசியதும் வெளிப்பட்டது.

அந்த ஹிதெயோஷியும் தம் வீட்டில் தோற்றார். 1588இல் உழவர்களின் வாள்களைப் பறித்து, நாடெங்கும் நிலத்தை அளந்து, கிளர்ச்சிக்கு வழியில்லாமல் செய்தவர், 1595இல் வாரிசாக வைத்திருந்த சகோதரி மகன் ஹிதெட்சுகுவைச் சாகச் செய்து, அவருடைய மனைவியரையும் குழந்தைகளையும் கொல்வித்தார். இந்தக் காலத்தின் மிகக் கொடிய செயல்களில் அது ஒன்று. 1598இல் அவர் இறந்தபோது சிறுவனான மகனுக்குத் துணை நிற்க நெருங்கிய ஆண் உறவு எஞ்சவில்லை. 1600இல் செகிகஹாரா போரில் தொகுகாவா இயேயசுவுக்கு வெற்றி தந்தது, ஒருகாலத்தில் ஹிதெயோஷியின் வளர்ப்பு மகனாக இருந்த கொபாயகாவா ஹிதெயாகி அணி மாறியது. எதிரணியிலிருந்த மோரி படையை அக்குலத்தின் உறவினர் கிக்காவா நகரவிடாமல் தடுத்ததும் கூட.

எனவே இயேயசு ஷோகனாகி நிறுவிய தொகுகாவா ஆட்சி டைம்யோக்களின் வீட்டுக்குள்ளேயே கைவைத்தது. 1615இல் ஷோகனின் இசைவின்றி அவர்கள் மணவுறவு கொள்வது தடுக்கப்பட்டது. ஒரு நாட்டுக்கு ஒரே கோட்டை என்ற விதியும் அதே ஆண்டில் வந்தது. 1635இல் அவர்கள் முறைவைத்து ஷோகனின் நகரான எதோவில் வந்து தங்குவது சட்டமானது. மனைவியும் வாரிசும் அங்கேயே பிணையாக இருந்தனர். வாரிசின்றி இறந்தவரின் நிலம் பறிபோயிற்று, சாகுந்தறுவாயில் தத்தெடுக்கவும் தடை இருந்தது. தலைவரை இழந்த சாமுராய்கள் பெருகிச் சதிக்குத் துணிந்த பின்னரே, 1651இல், அந்தத் தடை தளர்த்தப்பட்டது.