கையெழுத்து இல்லாத கடிதம்

1896 ஆகஸ்ட் 29, சனிக்கிழமை. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்கு அருகே சொக்கப்ப நாயக்கன் தெருவில், சித்தப்பா சுப்பையரின் வீட்டு மாடியில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் இம்போசிஷன் எழுதிக்கொண்டிருந்தான். பெயின் எழுதிய ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று தடவை எழுதிவர வேண்டும் என்பது உத்தரவு. இரண்டு தடவை எழுதினான். மூன்றாவது தடவைக்கு வந்தபோது தாள்களை ஒதுக்கிவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டான். பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் நாகசாமிக்குக் கோபம் வந்தது. இப்படி உட்காருகிறவனுக்குப் படிப்பு எதற்கு, வீடு எதற்கு என்று கேட்டார்.

பையனுக்கு அது சுருக்கென்று பட்டது. கேள்வி நியாயம்தானே என்று தோன்றியது. பள்ளியில் ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது என்று சொல்லி எழுந்தான். அப்படியானால் பெட்டியில் இருக்கும் ஐந்து ரூபாயை எடுத்துப் போய்த் தன் காலேஜ் சம்பளத்தைக் கட்டிவிடும்படி அண்ணன் சொன்னார். பையன் கீழே வந்து சித்தி போட்ட சோற்றைச் சாப்பிட்டான். பழைய அட்லஸ் ஒன்றைப் பிரித்துத் திருவண்ணாமலைக்கு வழி பார்த்தான். மூன்று ரூபாயை எடுத்துக்கொண்டு, மீதி இரண்டு ரூபாயோடு ஒரு கடிதத்தையும் வைத்துவிட்டு ரயில் நிலையத்துக்கு நடந்தான்.

அந்தக் கடிதம் ஏழெட்டு வரிதான். தகப்பனை (இறைவனைத்தான் அப்படிச் சொல்கிறான்) தேடி, அவர் உத்தரவின்படி கிளம்பிவிட்டதாகவும், யாரும் விசனப்பட வேண்டாம், தேடிப் பணம் செலவழிக்க வேண்டாம் என்றும் அதில் இருக்கிறது. அண்ணனின் சம்பளம் இன்னும் கட்டவில்லை என்ற கணக்கும் ஒழுங்காக இருக்கிறது. கவனித்துப் பார்க்க வேண்டியது ஒரு சின்னச் சொல் மாற்றத்தை. முதல் வாக்கியம் ‘நான்’ என்று தொடங்குகிறது. அடுத்த வாக்கியத்திலேயே எழுதுகிறவன் ‘இது’ ஆகிவிடுகிறான். கடைசியில் ‘இப்படிக்கு’ என்ற சொல்லுக்குப் பிறகு பெயர் இல்லை. வெறும் கோடுதான் இருக்கிறது. அத்வைதத்தை விளக்கப் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் ‘நான்’ என்ற சொல் ஒருவன் கையிலிருந்து நழுவும் கணம் இவ்வளவு எளிய தமிழில் பதிவானது அபூர்வம்.

பையனின் பெயர் வெங்கடராமன். பின்னாளில் ரமண மகரிஷி. 1879 டிசம்பர் 30-ல் திருச்சுழியில் பிறந்தவர். அப்பா சுந்தரமய்யர் அந்த ஊரில் வக்கீல் தொழில் பார்த்தவர், 1892-ல் காலமானார். அதன்பின் அண்ணன் தம்பி இருவரும் மதுரைக்கு வந்தார்கள். வெங்கடராமனுக்கு அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படிப்பு, மற்ற நேரத்தில் கால்பந்து. தூங்கினால் அடித்து எழுப்பினாலும் எழாத தூக்கம்.

கடிதத்துக்கு ஏறக்குறைய ஆறு வாரம் முன்பு, ஜூலை நடுவில், அதே மாடியில் திடீரென்று மரண பயம் பிடித்தது. உடம்பில் நோய் எதுவும் இல்லை. டாக்டரிடம் ஓடவில்லை, பெரியவர்களைக் கூப்பிடவும் இல்லை. தரையில் பிணம்போல் கைகால் நீட்டிப் படுத்து, உதட்டை இறுக மூடி, மூச்சையும் அடக்கினான். உடம்பு செத்துப்போகிறது, சுடுகாட்டுக்குக் கொண்டுபோய் எரிப்பார்கள், அதோடு ‘நான்’ போய்விடுமா? போகவில்லை என்று நேராகத் தெரிந்தது. அந்தத் தெளிவு பிறகு விலகவே இல்லை என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். பிரம்மம், சம்சாரம் என்ற சொற்களைக்கூட அதுவரை அவர் கேட்டதில்லை. பெரிய புராணம், பள்ளியில் பைபிள் பாடம், தாயுமானவர், தேவாரத்தில் துணுக்குகள், இவ்வளவுதான் வாசிப்பு.

அந்தத் தெளிவுக்குப் பெயர் வைத்து, வாதம் கட்டி நிறுத்தியவர் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகச் சொல்லப்படும் ஆதிசங்கரர். அத்வைதம் என்றால் ‘இரண்டில்லை’. அரையிருட்டில் கிடக்கும் கயிறு பாம்பாகத் தெரிவதுபோல, இருக்கிற ஒன்றே உலகமாகவும் தனித்தனி உயிராகவும் தெரிகிறது. விளக்கு வந்தால் பாம்பு எங்கும் ஓடுவதில்லை. அது முதலிலேயே இல்லை. என் உடம்பு, என் மனம் என்று சொல்ல முடிகிறது என்றால் அவை பார்க்கப்படும் பொருள்கள். பார்க்கிறவன் வேறு. அவனே பிரம்மம், அந்த ஒன்று, என்பது முடிவு.

மதுரை மண்ணில் ஓங்கியிருந்தது இந்த முடிவு அல்ல. இது சைவ சித்தாந்தத்தின் ஊர். திருஞானசம்பந்தர் பெயரில் மடம் இருக்கும் ஊர். பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (தளை) மூன்றும் என்றும் உள்ளவை என்பது சித்தாந்தம். ‘அத்துவிதம்’ என்ற சொல்லைச் சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டாரும் ஏற்கிறார். ஆனால் அதற்கு ‘ஒன்று’ என்று பொருள் சொல்ல மாட்டார். கண்ணொளியும் சூரிய ஒளியும் கலந்து நிற்பதுபோல இறைவனும் உயிரும் பிரியாமல் நிற்பதுதான் அது. இரண்டையும் சமரசப்படுத்திப் பாடிய தாயுமானவரின் சமாதி இராமநாதபுரத்தில் இருக்கிறது.

மதுரைக்குக் கிழக்கே அத்வைத வேதாந்த மரபும் தழைத்திருந்தது. காரைக்குடிக்குப் பக்கத்தில் கோவிலூர். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துராமலிங்க ஆண்டவர் நிறுவிய வேதாந்த மடம், நகரத்தார் ஆதரவில் வளர்ந்தது. அங்கே வேதாந்தம் தமிழில் பாடம் நடந்தது. பாடத்துக்கென்று பதினாறு தமிழ் நூல்கள். அவற்றில் ஒன்று தாலாட்டாகவே எழுதப்பட்ட கீதாசாரத் தாலாட்டு. இன்னொன்று நன்னிலம் தாண்டவராய சுவாமிகளின் கைவல்ய நவநீதம். கார்ல் கிரௌல் என்ற ஜெர்மானியப் பாதிரியார் அதை மொழிபெயர்த்து 1850-களில் லைப்சிக் நகரில் அச்சிட்டார். வேதாந்தம் வடமொழி தெரிந்தவர்களின் சொத்து என்று இன்றும் சொல்கிறவர்கள் கோவிலூரைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கைவல்ய நவநீதம் எடுத்தாளும் பழைய கதை ஒன்று: பத்துப் பேர் ஆற்றைக் கடந்து கரையேறினார்கள். எல்லோரும் வந்தாயிற்றா என்று ஒருவன் எண்ணினான், ஒன்பதுதான் வந்தது. தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான். அடுத்தவன் எண்ணினாலும் ஒன்பதே. பத்தாம் ஆள் வெள்ளத்தில் போய்விட்டான் என்று உட்கார்ந்து அழுதார்கள். வழிப்போக்கன் ஒருவன் வந்து, ‘பத்தாவது ஆள் நீதானப்பா’ என்றான். செத்தவன் பிழைத்து வரவில்லை. காணாமல் போனவனும் கிடைக்கவில்லை. அழுகைதான் நின்றது. முக்தி என்று அத்வைதம் சொல்வது இதைத்தான். ரமணர் இந்தக் கதையைப் பலரிடம் சொல்லியிருக்கிறார். திருவண்ணாமலையில் பழனிசாமி என்ற தொண்டர் வாங்கிவந்த தமிழ் வேதாந்த நூல்களை ரமணர் அந்தத் தொண்டருக்குப் படித்துச் சொன்னபோதுதான், மதுரை மாடியில் தனக்கு நடந்ததற்குச் சாத்திரத்திலும் பெயர் இருப்பது தெரிந்தது.

பையன் போன ஐந்தே மாதத்தில், 1897 பிப்ரவரி தொடக்கத்தில், அமெரிக்காவிலிருந்து திரும்பிய விவேகானந்தர் பாம்பன், இராமநாதபுரம், பரமக்குடி, மானாமதுரை வழியாக மதுரைக்கு வந்தார். ஊரே திரண்டு வரவேற்றது. வேதாந்தத்தைப் பேசிவிட்டுக் கும்பகோணத்துக்கு ரயில் ஏறினார்.

வெங்கடராமன் எங்கே போனான் என்பது அப்போதும் வீட்டுக்குத் தெரியாது. 1898-ல், சுப்பையர் இறந்த சமயத்தில், தகவல் கிடைத்த இடம் மதுரைத் திருஞானசம்பந்தர் மடம். அங்கே அண்ணாமலைத் தம்பிரான் என்பவர் திருவண்ணாமலையில் இருக்கும் இளம் மௌன சாமியைப் பற்றி வியந்து பேசிக்கொண்டிருந்தார். சாமி எந்த ஊர் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. வேங்கடராமய்யர் என்ற தாலுகா ஆபீஸ் அலுவலர் ஒருவர், பெயர் தெரியாமல் சாப்பிட மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்ததால், சாமி ‘வெங்கடராமன், திருச்சுழி’ என்று எழுதிக் காட்டியிருந்தார். மதுரைக் கடிதத்தில் கோடு இருந்த இடத்துக்குரிய பெயர், இன்னொருவர் பட்டினி கிடக்கக் கூடாது என்பதற்காக வெளியே வந்தது. மானாமதுரையிலிருந்து சித்தப்பா நெல்லையப்பய்யர் ஓடிப்போய் அழைத்துப் பார்த்தார். சாமி வாய் திறக்கவில்லை. அவர் வெறுங்கையோடு திரும்பினார்.

1901-02-ல் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற வருவாய்த் துறை ஊழியர் கேட்ட முதல் கேள்வி ‘நான் யார்?’ சாமி மணலிலும் பலகையிலும் எழுதிக் காட்டிய பதில்கள் 1923-ல் அதே தலைப்பில் சிறு நூலாக வந்தன.

1896 செப்டம்பர் 1 காலையில் திருவண்ணாமலையில் இறங்கியவர், 1950 ஏப்ரல் 14 இரவு மறையும்வரை அந்த ஊரை விட்டு வெளியே போகவில்லை. சொக்கப்ப நாயக்கன் தெரு வீடு இன்று ரமண மந்திரம் என்ற பெயரில் இருக்கிறது. மீனாட்சியைக் கும்பிடப் போகிறவர்கள் அந்த அறைக்கும் போய்ச் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.