ஆலை வாசலில் ஏன் இத்தனை கொடிகள்?

அரியலூர் மாவட்டம் சுண்ணாம்புக்கல்லுக்கும் சிமெண்டுக்கும் பேர்போனது. கங்கைகொண்ட சோழபுரம் பக்கத்துப் பிள்ளைகள் சிலருக்கும் அந்த ஆலைகளில்தான் பிழைப்பு. “ஒரே ஆலையில் எதற்கு இத்தனை சங்கம்?” என்று அவர்கள் கேட்பதுண்டு. இதற்கான பதில் ஆலைக்குள் இல்லை, அரசியல் வரலாற்றில் இருக்கிறது.

சென்னையில் 1918 ஏப்ரலில் பி அண்டு சி மில் தொழிலாளர்களுக்காகச் சங்கம் தொடங்கியது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க.வும் முன்னணியில் நின்றார். வேலைநிறுத்தத்தைத் தூண்டியதாக வாடியா மீது நிர்வாகம் வழக்குப் போட்டது. சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்பது அப்போதுதான் நாட்டுக்கே உறைத்தது. 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

இதற்கிடையே 1920 அக்டோபர் 31 அன்று பம்பாயில் ஏ.ஐ.டி.யு.சி. பிறந்தது. முதல் தலைவர் லாலா லஜபதி ராய். பின்னாளில் நேரு, சுபாஷ் போஸ், வி.வி. கிரி எல்லாரும் அந்த நாற்காலியில் அமர்ந்தார்கள். அது ஒரு கட்சியின் சொத்தாக இருக்கவில்லை. 1929-இல் நாகபுரியில் மிதவாதிகள் வெளியேறினார்கள். ஆனால் சுமார் பத்தாண்டில் மீண்டும் சேர்ந்துகொண்டார்கள்.

1947-இல் ஏற்பட்ட பிளவு ஒட்டவே இல்லை. யுத்த காலத்தில் காங்கிரஸ் தலைவர்கள் சிறையில் இருக்க, சங்கத்தில் கம்யூனிஸ்டுகளின் கை ஓங்கியிருந்தது. சுதந்திரத்துக்கு மூன்று மாதம் முன்பு, மே 3 அன்று, பட்டேலின் ஆதரவோடு ஐ.என்.டி.யு.சி. உருவானது. அடுத்த ஆண்டே சோஷலிஸ்டுகள் எச்.எம்.எஸ். கண்டார்கள். 1955-இல் தெங்கடி பி.எம்.எஸ். தொடங்கினார். 1964-இல் கம்யூனிஸ்ட் கட்சி உடைந்தது, 1970-இல் சி.ஐ.டி.யு. வந்தது, அதன் முதல் பொதுச்செயலாளர் நம் பி. ராமமூர்த்தி. தி.மு.க.வுக்குத் தொ.மு.ச. பேரவை, அ.தி.மு.க.வுக்கு அண்ணா தொழிற்சங்கம். கட்சி பிரிந்தால் சங்கமும் பிரியும் என்பது வழக்கமாகிவிட்டது.

கட்சித் தொடர்பால் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். சட்டசபையில் குரல் கொடுக்க ஆள் கிடைத்தது. சங்கத் தலைவரான கிரி மத்தியத் தொழிலாளர் அமைச்சராகவே ஆனார். ஆனால் 1926 சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தாலே சங்கத்தைப் பதிவு செய்யலாம். ஆகவே நிர்வாகம் தனக்கு இணக்கமான சங்கத்தோடு கையெழுத்துப் போட்டு, மற்றவர்களைத் தள்ளி வைக்க முடிந்தது. 2001-இல்தான் நூறு பேர் அல்லது பத்து சதவீதத் தொழிலாளர்கள் வேண்டும் என்று திருத்தினார்கள். 2020-இன் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, 51 சதவீத ஆதரவுள்ள சங்கமே பேச்சுவார்த்தைக்கு உரியது என்கிறது.

அந்தக் கணக்கெல்லாம் ஆலையின் சம்பளப் பட்டியலில் பெயர் இருப்பவர்களை வைத்துத்தான். மூட்டை ஏற்றும் ஒப்பந்தத் தொழிலாளியின் பெயர் இருப்பது ஒப்பந்தக்காரர் நோட்டில். அவருக்காகப் பேச எல்லாக் கொடிகளும் ஒன்றாக நின்றால்தான், வாடியா காலத்தில் ஆரம்பித்த வேலை முடிந்ததாகும்.