கத்தி எட்டாத இடம்

‘ராடிக்கல்’ என்னும் சொல், வேர் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. மார்பகப் புற்றுநோய்க்கு அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் (1852–1922) வகுத்த சிகிச்சைக்கு ‘ராடிக்கல் மாஸ்டெக்டமி’ என்ற பெயர் வழங்கியதில் வியப்பில்லை. களையை வேரோடு பிடுங்கவேண்டும், ஒரு நுனி எஞ்சினாலும் அது மீண்டும் தழைக்கும் என்பது உழவரின் அறிவு. ஹால்ஸ்டெட் அந்த அறிவைப் பெண்ணின் உடலுக்குக் கொண்டுவந்தார்.

புற்று ஒரு புள்ளியில் தோன்றி, நீரில் எழும் அலைவட்டம்போல் ஒழுங்காக வெளிநோக்கிப் பரவுகிறது. முதலில் மார்பகம், அடுத்து அக்குளின் நிணநீர்க் கணுக்கள், அதன் பின்னரே தொலைவிலுள்ள உறுப்புகள் என்பது அவரது கொள்கை. அப்படியானால் வட்டத்தைவிடப் பெரிதாக வெட்டுபவரே வெல்வார். ஆகவே மார்பகத்தோடு அதன் அடியிலுள்ள மார்புத் தசைகளையும், அக்குளின் கணுக்களையும் ஒருசேர அகற்றினார். 1894இல் ஐம்பது நோயாளிகளைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டபோது, அறுத்த இடத்திலேயே நோய் திரும்பியோர் மிகச் சிலரே எனக் காட்ட முடிந்தது. முன்னைய மருத்துவர்களின் கைகளில் அது பெரும்பாலும் திரும்பிவந்த காலம் அது. ஹால்ஸ்டெட்டை இன்று கொடியவராகச் சித்திரிப்பது எளிது. ஆயினும் அழுகிப் பெருகிய கட்டிகளோடு வந்த பெண்களுக்கு அவர் செய்தது பெரிய உதவியே. பிழை அவருக்குப் பின் வந்தவர்களிடம் நேர்ந்தது. அவர்கள் அவரது கொள்கையை மெய்ப்பிக்கப்பட்ட உண்மையாக எண்ணி, முக்கால் நூற்றாண்டுக் காலம் கேள்வி கேளாமல் பின்பற்றினர்.

அதற்கான விலையைப் பெண்கள் கொடுத்தனர். விலாவெலும்புகள் தோலின் கீழ் வரிவரியாகத் தெரியும் குழிந்த மார்பு. வீங்கிப் பருத்த கை. தலைமுடி வாரவும் உயர்த்த இயலாத தோள். இவற்றைவிடக் கொடியது சிகிச்சை நடந்த முறை. கட்டியைச் சோதிக்கவென்று மயக்கமருந்து கொடுப்பார்கள். வெட்டியெடுத்த துணுக்கை உறையவைத்து நுண்நோக்கியில் பார்ப்பார்கள். புற்று எனில், அவள் விழிக்குமுன்பே மார்பகத்தை அகற்றிவிடுவார்கள். தனக்கு நோய் உண்டா என்பதையும், தன் உடலில் என்ன எஞ்சியிருக்கிறது என்பதையும் ஒரே நொடியில், கட்டின்மீது கையை வைத்துப் பார்த்து அவள் அறியவேண்டியிருந்தது.

எதிர்க்குரல் அறவே இல்லாமல் இல்லை. இலண்டனில் ஜெஃப்ரி கீன்ஸ் (பொருளியல் அறிஞர் கீன்ஸின் தம்பி) 1920களிலேயே சிறு அறுவையோடு ரேடியம் ஊசிகளைச் சேர்த்துச் சிகிச்சை செய்தார். கிளீவ்லாந்தில் ஜார்ஜ் கிரைல் பெரிய அறுவையைக் கைவிட்டு, அதனால் தம் சக மருத்துவர்களின் பகையைத் தேடிக்கொண்டார். ஆனால் அவர்களிடம் இருந்தவை தங்கள் சொந்த நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளே. எளிய நோயாளிகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டீர்கள் என்று எதிராளி சொன்னால், அதற்கு விடை இல்லை. ஓர் அனுபவத்தை மற்றோர் அனுபவத்தால் வெல்வது கடினம்.

இந்நிலையில்தான் பிட்ஸ்பர்க் நகரின் பெர்னார்ட் ஃபிஷர் வருகிறார். 1918இல் அந்நகரிலேயே பிறந்து, அந்நகரப் பல்கலைக்கழகத்திலேயே 1943இல் மருத்துவம் முடித்தவர். அறுவை மருத்துவரான அவரது உள்ளம் ஆய்வுக்கூடத்தில் இருந்தது. கல்லீரல் வெட்டப்பட்டபின் எவ்வாறு மீண்டும் வளர்கிறது, உறுப்பு மாற்றத்தை உடல் ஏன் மறுக்கிறது என்பவை அவரது அன்றைய கேள்விகள். மார்பகப் புற்று அவரது அக்கறையே அன்று. பென்சில்வேனியாவின் மூத்த அறுவை மருத்துவர் ஐசிடோர் ராவ்டின் 1950களின் இறுதியில், அறுவைக்குப்பின் மருந்து கொடுத்துப் பார்க்கும் கூட்டாய்வொன்றுக்கு அவரை அழைத்தார். விருப்பமின்றிச் சென்ற ஃபிஷர், அங்கே தம்மை வாழ்நாள் முழுவதும் பற்றிக்கொண்ட இரண்டைக் கண்டார்: புற்று எவ்வாறு பரவுகிறது என்ற புதிர் ஒன்று, ஒப்பிட்டு அறியும் ஆய்வுமுறை மற்றொன்று.

நோய்க்கூற்றியல் அறிஞரான தம் சகோதரர் எட்வினோடு சேர்ந்து அவர் செய்த ஒரு சோதனையைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். எலிகளின் கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் சிரையில் ஐம்பதே ஐம்பது புற்று உயிரணுக்களைச் செலுத்தினர். மாதங்கள் கழிந்தன. எலிகள் நலமாக இருந்தன. வயிற்றைத் திறந்து பார்த்தால் கல்லீரலில் கட்டியின் சுவடே இல்லை. ஆனால் சில எலிகளின் வயிற்றை மட்டும் மீண்டும் மீண்டும் திறந்து, கல்லீரலைத் தொட்டுப் பார்த்து மூடினர். அவற்றில் ஏறத்தாழ எல்லாவற்றிலும் கட்டிகள் வளர்ந்தன. உயிரணுக்கள் அழிந்துபோயிருக்கவில்லை, உறங்கிக்கொண்டிருந்தன. அறுவையின் காயமே அவற்றை எழுப்பியிருக்கிறது. 1959இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான இந்த முடிவைக் கத்தியையே தொழிலாகக் கொண்ட ஒருவர் எழுதினார் என்பதை நினைத்துப் பார்க்கவேண்டும்.

அடுத்துவந்த ஆண்டுகளில் விலங்குகளின் நிணநீர்க் கணுக்களை ஆராய்ந்தார். கணு என்பது புற்றைத் தடுத்து நிறுத்தும் சோதனைச்சாவடி என்றே ஹால்ஸ்டெட் வழியினர் கருதினர். ஃபிஷரின் எலிகளும் முயல்களும் வேறு கதை சொல்லின. கணுவை அடைந்த புற்று உயிரணுக்களில் பல அங்கே தங்கவில்லை. நிணநீரிலிருந்து இரத்தத்துக்கும், இரத்தத்திலிருந்து நிணநீருக்கும் அவை தடையின்றிப் போய்வந்தன. ஒழுங்கான அலைவட்டம் என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. இலண்டனின் ஸ்டீபன் பேஜட் 1889இலேயே இறந்த பெண்களின் உடற்கூற்று ஆவணங்களை ஆராய்ந்து, பரவும் புற்றை விதையாகவும் உறுப்புகளை நிலமாகவும் கண்டிருந்தார். அந்த விதை எப்போது காற்றில் ஏறுகிறது? கட்டி கைக்குத் தட்டுப்படும் நாளிலேயே அது உடலெங்கும் சென்றிருக்கலாம் என்றார் ஃபிஷர். சென்றிருந்தால் எவ்வளவு பெரிதாக வெட்டினும் பயனில்லை. செல்லவில்லையெனில் சிறிதாக வெட்டினாலே போதும்.

இது எலியிடம் கற்ற பாடம். பெண்ணுக்கு இது பொருந்துமா என்பதை எலியால் சொல்ல இயலாது. ஃபிஷர் வேறு பல ஆய்வாளரினின்று வேறுபடுவது இவ்விடத்தில்தான். தம் சோதனைகள் அழகியவை என்பதற்காக அவர் சிகிச்சையை மாற்றிவிடவில்லை. தம் கருதுகோளும் ஹால்ஸ்டெட்டினதைப்போலவே மெய்ப்பிக்கப்படவேண்டிய ஒன்றே என்றார். 1967இல் கூட்டாய்வுக் குழுவின் தலைவரானதும் அதற்கான வழியைத் தேடினார். ஒப்புதல் தரும் பெண்களைத் திருவுளச்சீட்டுப் போடுவதுபோல் குலுக்கல் முறையில் பிரித்து, வெவ்வேறு சிகிச்சை அளித்து, ஆண்டுக்கணக்கில் தொடர்வதே அந்த வழி.

சக மருத்துவர்கள் கொதித்தனர். பெண்ணின் உயிரைச் சீட்டுக்கு விடுவதா என்று கேட்டனர். கேள்வி புறக்கணிக்கத்தக்கதன்று. எது நல்லது என மருத்துவர் உண்மையாகவே அறிந்திருந்தால், சீட்டுப் போடுவது பாவமே. அறியாதபோது அறிந்தவர்போல் நடித்து வெட்டுவதை என்னவென்று சொல்வது? ‘எனக்குத் தெரியாது’ என்ற சொல்லை நோயாளியின் முகத்துக்கு நேரே சொல்லத் துணிந்தவர்கள் மட்டுமே அந்த ஆய்வில் சேர முடிந்தது. அத்தகையோர் அன்று மிகக் குறைவு. ஆய்வில் சேர இசைந்த பெண்களின் துணிவு இன்னும் பெரியது. அவர்கள் பெயர்கள் எந்த வரலாற்றிலும் இல்லை.

1971இல் முதல் பேராய்வு தொடங்கியது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 34 நிறுவனங்களில் 1,665 பெண்கள் சேர்க்கப்பட்டனர். அக்குளில் நோய்க்குறி தென்படாதவர்களில் ஒரு பிரிவினருக்கு ஹால்ஸ்டெட் அறுவை. ஒரு பிரிவினருக்கு மார்பகத்தை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு. மற்றொரு பிரிவினருக்கு மார்பகம் மட்டும் அகற்றல், கணுக்களைத் தொடுவதில்லை. ஹால்ஸ்டெட் பிரிவில் அகற்றிய கணுக்களைச் சோதித்தபோது, நூற்றுக்கு நாற்பது பேருக்கு அங்கே புற்று ஒளிந்திருந்தது. கணுக்களைத் தொடாத பிரிவிலும் அதே அளவினருக்கு அது இருந்திருக்கவேண்டும். ஆனால் அவர்களில் பின்னாளில் அக்குளில் நோய் வெளிப்பட்டவர்கள் நூற்றுக்குப் பத்தொன்பதின்மர் அளவே. அவர்களுக்கு அப்போது கணுக்கள் அகற்றப்பட்டன. உயிர் வாழ்ந்த காலத்தில் பிரிவுகளுக்கிடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடே இல்லை. வேரென்று எண்ணிப் பிடுங்கியது வேரே அன்று.

1976இல் தொடங்கிய அடுத்த ஆய்வு மேலும் ஓர் அடி சென்றது. நான்கு செ.மீ.க்கு மேற்படாத கட்டியுடையோருக்கு மார்பகத்தை முழுவதும் அகற்றுவதா, கட்டியை மட்டும் அகற்றுவதா, கட்டியை அகற்றிக் கதிர்வீச்சும் தருவதா என்பது கேள்வி. இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் மூன்று பிரிவினரும் ஒரே அளவில் வாழ்ந்திருந்தனர். கட்டியை மட்டும் அகற்றியவர்களில் 39.2 விழுக்காட்டினருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பியது. கதிர்வீச்சும் பெற்றவர்களுக்கு 14.3 விழுக்காடே. இத்தாலியின் மிலான் நகரில் உம்பெர்த்தோ வெரோனேசி என்ற அறுவை மருத்துவர் தனியாக நடத்திய ஆய்வும் மார்பகத்தைக் காப்பது இயலும் என்றே காட்டியிருந்தது.

அறுவை சுருங்கியதைக் காட்டிலும் மருந்து வளர்ந்தது சிறிய செய்தியன்று. நோய் உடலெங்கும் பரவியிருக்கலாம் என்றால், கத்தி எட்டாத இடங்களுக்கு மருந்தே போகவேண்டும். ஃபிஷர் குழு 1975இல் வெளியிட்ட முடிவுகளும், பின்னர்த் தமாக்சிஃபென் மாத்திரையைப் பற்றிய ஆய்வுகளும் அவ்வழியைத் திறந்தன. 13,388 பெண்களைக் கொண்டு நடந்த ஆய்வு, நோய்வாய்ப்படும் அபாயம் மிகுந்தோரிடம் அம்மாத்திரை நோயை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது என 1998இல் அறிவித்தது. கருப்பையில் புற்று தோன்றுவது சற்றுக் கூடியதையும் மறைக்காமல் அறிவித்தது.

அதற்குள் ஃபிஷர் வீழ்ந்து எழுந்துவிட்டார். 1990இல் அவரது அலுவலகப் பணியாளர் ஒருவர், மான்ட்ரியால் நகர மருத்துவமனையொன்றிலிருந்து வந்த ஆவணங்களில் ஒரே பெண்ணின் அறுவை அறிக்கை இரு படிகளாக இருப்பதைக் கண்டார். தேதி மட்டும் வேறு. தொடர்ந்து தோண்டியபோது, அங்கிருந்த மருத்துவர் ஆய்வில் சேரத் தகுதியற்ற பெண்களைத் தகுதியுள்ளோராகக் காட்டத் தேதிகளையும் விவரங்களையும் பல ஆண்டுகளாக மாற்றிவந்தது தெரிந்தது. 99 பெண்களின் ஆவணங்கள் அவ்வாறு திருத்தப்பட்டிருந்தன. ஃபிஷர் குழு அரசுக்கு அறிவித்தது. ஆனால் அந்தப் பெண்களை நீக்கிக் கணக்கிட்ட முடிவை உடனே அச்சேற்றவில்லை. 1994 மார்ச்சில் சிகாகோ நாளேடொன்று செய்தியை வெளியிட்டது. மார்பகத்தைக் காத்துக்கொண்ட பெண்கள் ஆயிரமாயிரம்பேர் ஒரே காலையில், தாங்கள் பொய்யை நம்பினோமோ என்று நடுங்கினர்.

75 வயது ஃபிஷர் தலைமைப் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். அரசின் தரவுத்தளங்களில் அவரது கட்டுரைகளின்மீது அறிவியல் முறைகேடு என்ற முத்திரை விழுந்தது. மறுகணக்கு 1995இல் வெளிவந்தபோது முடிவுகள் சிறிதும் அசையவில்லை. 1997இல் அவர் குற்றமற்றவர் எனத் தீர்ப்பாயிற்று. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கோரி, 27 இலட்சத்து 50 ஆயிரம் டாலரும் தந்தது. அவருக்கு இழைக்கப்பட்டது அநீதியே. எனினும் அந்தத் தாமதத்தை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. முடிவு மாறாது என்பது அவருக்குத் தெரியும்; தம் மார்பகத்தையும் உயிரையும் அந்த முடிவின்மேல் வைத்திருந்த பெண்களுக்குத் தெரியாது. மருத்துவர் அறிந்ததை நோயாளியும் அறியவேண்டும் என்பதற்காகத்தானே அவர் அத்தனை ஆண்டுகள் போராடினார்!

2002இல், 84ஆம் வயதை எட்டும் வேளையில், முதல் ஆய்வின் 25 ஆண்டு முடிவையும் இரண்டாவதன் 20 ஆண்டு முடிவையும் அவர் வெளியிட்டார். 2019 அக்டோபரில் தம் 101ஆம் வயதில் பிட்ஸ்பர்கிலேயே மறைந்தார். அவர் விட்டுச்சென்ற கேள்விகளில் ஒன்று, சகோதரர் இருவரும் அந்த எலிகளிடம் கேட்டதுதான். இருபது ஆண்டுகள் நலமாக வாழ்ந்த பெண்ணுக்கு எலும்பிலோ கல்லீரலிலோ ஏன் திடீரென நோய் விழித்தெழுகிறது, அதுவரை அதனை உறங்கவைத்தது எது என்பதைப் பல நாடுகளின் ஆய்வுக்கூடங்களில் இன்றும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.